கிடங்கை எடுத்துவிட்டு

மார்ச் 4, செவ்வாய்

காலையில் வந்ததும் மேசையில் ஒரு படிவம். "ஒப்பீட்டில் உள்ள நிறுவனங்களில் உங்கள் உறவினர் யாராவது பணிபுரிகிறார்களா?" ஆம் என்று டிக் அடித்து, 'உடன்பிறந்த அக்கா' என்று எழுதிக் கொடுத்தேன். வழவழா வாங்கிப் பார்த்துவிட்டு, "அதெல்லாம் ஒண்ணுமில்ல மேடம், சும்மா ஒரு ஃபார்மாலிட்டி" என்றார். எங்கள் மேலாளருக்கு நான் வைத்த பெயர் வழவழா. எந்தப் பக்கம் பிடித்தாலும் நழுவிவிடுவார்.

வீட்டுக்காரரிடம் சொல்ல ஆரம்பித்தேன், பாதியிலேயே குறட்டை. இங்கேயே சொல்லிக்கொள்கிறேன். நாங்கள் பார்ப்பது மருந்துகளின் போக்குவரத்து. தொழிற்சாலை, கிடங்கு, கடை எல்லாம் புள்ளிகள். எது எங்கிருந்து எங்கே போனது என்பது கோடுகள். ஒரு மருந்து கெட்டுப்போனது என்று தெரிந்தால், கோட்டைப் பிடித்துக்கொண்டே போய் எல்லாக் கடையிலும் விற்பனையை நிறுத்த வேண்டும். அந்தப் புள்ளி கோட்டுத் தரவுத்தளத்தை இத்தனை வருடம் எங்கள் சொந்த சர்வரில் வைத்து நானும் பக்கத்து மேசைக்காரரும் மேய்த்துக்கொண்டிருந்தோம். இனிமேல் அது கிளவுடுக்குப் போகிறது. சர்வர், காப்புப்பிரதி, பழுது எல்லாம் வெளி நிறுவனத்தின் பொறுப்பு. மூன்று நிறுவனங்கள் வரிசையில் நிற்கின்றன. எது நல்லது என்று நான் சோதித்துச் சொல்ல வேண்டுமாம். என் நாற்காலியை யார் தூக்கிக்கொண்டு போகலாம் என்று என்னையே கேட்கிறார்கள்.

மார்ச் 6, வியாழன்

மூன்றுக்கும் பெயர் வைத்தாகிவிட்டது. முதலாவது, மாப்பிள்ளை. நான்கு பேர் கோட்டு போட்டுக்கொண்டு வந்தார்கள், வழவழா தானே போய் நாற்காலி இழுத்துப் போட்டார். இரண்டாவது, தூங்குமூஞ்சி. வேலை இல்லாத நேரத்தில் தூங்கிவிடும். காலையில் முதல் கேள்வி கேட்டால் எழுந்து சோம்பல் முறித்துவிட்டுத்தான் பதில் சொல்லும். கேள்வி கேட்க அதற்கென்று தனி மொழி வேறு, நாம் எழுதி வைத்த கேள்விகள் அத்தனையையும் மாற்றி எழுத வேண்டும். மூன்றாவது, அக்கா வீடு.

பக்கத்து மேசைக்காரர் பெயர் பூனை. நடக்கும் சத்தமே கேட்காது. இன்று காதருகே வந்து, "நிச்சயமே முடிஞ்சாச்சு மேடம், இப்பதான் பொண்ணு பார்க்கச் சொல்றாங்க" என்றார். சிரித்துத் தொலைத்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

அக்கா வந்திருந்தாள். சொல்லாமல்கொள்ளாமல். நேரே சமையலறைக்குப் போய் நான் போட்டு வைத்திருந்த பாத்திரங்களைத் துலக்க ஆரம்பித்தாள். வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா?

குழாயை மூடிவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள். "இந்த வேலை கிடைக்கலைன்னா எங்க டீமை மூடிடுவாங்கடி. அம்பத்தி ரெண்டு வயசுல என்னை யாரு கூப்பிட்டு வேலை குடுப்பா?"

"அதுக்கு நான் என்னக்கா பண்ண முடியும்?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"நீ ஒண்ணும் பண்ண வேணாம். எனக்காக ஒரு மார்க் கூடப் போடாத. டெஸ்ட்ட மட்டும் ஒழுங்கா பண்ணு. எனக்கு அது போதும்."

அவ்வளவுதான் கேட்டாள். சிறு வயதில் அவள் சட்டை எனக்கு வந்தது, அவள் புத்தகம் எனக்கு வந்தது, அவள் படித்த படிப்பையே நானும் படித்தேன். அவள் என்னிடம் எதையாவது கேட்டதாக நினைவே இல்லை.

மார்ச் 14, வெள்ளி

இன்று முழுத் தரவையும் ஏற்றிச் சோதித்தோம். சின்னக் கடைகள் வரைக்கும் மூன்றுமே நன்றாக ஓடின. மாப்பிள்ளைதான் எல்லாரையும் விட வேகம், பொய் சொல்லக் கூடாது.

பிறகு பெரிய கிடங்கு. பாதி மருந்துகளுக்கு மேல் அந்த ஒரே புள்ளி வழியாகத்தான் போகின்றன. அதிலிருந்து கிளம்பும் கோடுகள் லட்சக்கணக்கில். அதைத் தொட்டதும் மாப்பிள்ளைக்கு மூச்சு வாங்கியது. சுற்றிச் சுற்றி, கடைசியில் நேரம் முடிந்துவிட்டது என்று கையை விரித்தது. தூங்குமூஞ்சி பதில் சொன்னது, ஆனால் பாதிக் கடைகளைக் காணோம். ஒரு பதிலில் இவ்வளவுதான் தருவேன் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அக்கா வீடு மட்டும் ஒரு கடை விடாமல் முழுப் பட்டியலையும் கொடுத்தது.

பூனை என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஏன்? ஜெயிச்சது நம்ம அக்காவாச்சே—அதனாலதான்.

மார்ச் 17, திங்கள்

வழவழா அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"நல்லா பண்ணியிருக்கீங்க மேடம். ஆனா அந்தக் கிடங்கு... அது விதிவிலக்குதானே? நாம சராசரியைத்தானே பார்க்கணும்?"

"கெட்ட மருந்து வந்தா முதல்ல அது வழியாத்தான் சார் தேடணும்."

"வாஸ்தவம். வாஸ்தவம். நான் என்ன சொல்றேன்னா..." பேனாவை உருட்டினார். "மூணு கம்பெனியில ஒண்ணுதான் அதுல பாஸாகுது. அதுல உங்க அக்கா இருக்காங்க. எனக்கு உங்களைத் தெரியும். இயக்குநருக்குத் தெரியுமா? அக்காவுக்குத் தோதா கேள்வித்தாள் போட்டிருக்காங்கன்னு ஒருத்தர் சொல்லிட்டா, இத்தனை வருஷப் பேரு என்ன ஆகும்? உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

எடுத்துவிடுங்கள் என்று அவர் சொல்லவே இல்லை. கவனித்தேன். கடைசி வரைக்கும் அந்த வார்த்தை அவர் வாயில் வரவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

எடுத்துவிட்டேன்.

கிடங்கு இல்லாத தரவில் மறுபடி ஓட்டினோம். பூனை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சொல்லுங்க, என்ன நினைக்கிறீங்க?" என்று நானே வம்புக்கு இழுத்தேன். "தலையை எடுத்துட்டு உடம்புக்கு எடை போடுறோம் மேடம்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

நான் யாருக்கும் சாதகமாக எதுவும் செய்யவில்லை. யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

மார்ச் 21, வெள்ளி

அறிக்கை போய்விட்டது. மாப்பிள்ளை முதலிடம்.

ஏப்ரல் 2, புதன்

சோதனை விவரத்தை மூன்று நிறுவனங்களுக்கும் அனுப்பியிருந்தார்கள். அக்கா அழைத்தாள். நலமா என்றுகூடக் கேட்கவில்லை.

"கிடங்கை எடுத்துட்டியாமே?"

"ஆமா."

"நீயா எடுத்தியா, எடுக்கச் சொன்னாங்களா?"

"ரெண்டும்தான்" என்றேன்.

"உன்கிட்ட ஒண்ணே ஒண்ணுதாண்டி கேட்டேன்" என்றாள். வைத்துவிட்டாள்.

அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அவளுக்கென்ன, சொல்லிட்டா! அவ தங்கச்சின்னு நெத்தியில எழுதி ஒட்டிக்கிட்டு நான்தானே அந்த ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கேன்? நாலு பேரு பார்க்கிற பார்வை அவ மேலயா விழுது? வீட்டுக்காரரிடம் கொட்டினேன். அவர் செய்தித்தாளை மடித்துவிட்டு, "அவங்க சாதகமா எதுவும் கேட்கலையே" என்றார். இந்த மனுஷன் பேசாமல் தூங்கியே இருக்கலாம்.

ஏப்ரல் 30, புதன்

அக்காவின் டீமை மூடிவிட்டார்களாம். பெரியப்பா மகன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஜூன் 12, வியாழன்

மாப்பிள்ளைக்கு மாறியாகிவிட்டது. அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். வழவழா தன் கையாலேயே எனக்கு ஊட்ட வந்தார், கையில் வாங்கிக்கொண்டேன். பழைய சர்வர் அறையைக் காலி செய்து நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

அக்காவுக்கு மறுபடி அழைத்தேன். எடுக்கவில்லை. வேலை தேடி வேறு ஊருக்குப் போய்விட்டாள் என்று கேள்வி. எந்த ஊர் என்று பெரியப்பா மகனிடம் கேட்டேன். "உனக்குத் தெரியாதா?" என்று அவன் கேட்டான் பாருங்கள், அந்த ஒரு கேள்வி போதும்.

ஜூலை 8, செவ்வாய்

கண் சொட்டு மருந்து. கிருமி கலந்த ஒரு தொகுதி. காலையில் உத்தரவு வந்தது: எங்கெல்லாம் போயிருக்கிறதோ உடனே நிறுத்துங்கள்.

அத்தனையும் பெரிய கிடங்கு வழியாகப் போனது.

கேள்வியைப் போட்டேன். சுற்றியது. மார்ச் மாதம் எப்படிச் சுற்றியதோ அதே சுற்று. மறுபடி போட்டேன். பூனை கேள்வியைத் துண்டு துண்டாக உடைத்துப் போட்டுப் பார்த்தார். மாப்பிள்ளை வீட்டுக்கு அழைத்தால், இன்னும் பெரிய இயந்திரத்துக்கு மாறுங்கள் என்கிறார்கள். மாறினோம். அதே கைவிரிப்பு. மதியத்துக்கு மேல் மொத்த அலுவலகமும் கிடங்கின் சரக்குச் சீட்டுகளைப் பிரித்து வைத்துக்கொண்டு கடை கடையாகத் தொலைபேசியில் கூப்பிட்டது. வழவழா தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருந்தார், யாரிடமோ "வாஸ்தவம், வாஸ்தவம்" என்று சொல்லிக்கொண்டு.

ஜூலை 10, வியாழன்

இன்றுதான் கடைசிக் கடைக்குச் சொல்லி முடித்தோம். ஒரு தையல்காரப் பெண், நேற்று முன்தினம் மாலை அந்த மருந்தை வாங்கி ஊற்றியிருக்கிறாள். வலது கண் தேறாது என்று சொல்லிவிட்டார்களாம். அவள் வாங்கிய கடைக்கு நாங்கள் இன்று காலையில்தான் அழைத்தோம்.

ஊசியில் நூல் கோக்கிற கண். நான் எடுத்தேன். கிடங்கை மட்டுமில்ல.

ஜூலை 11, வெள்ளி

செய்தியில் வந்துவிட்டது. மதியம் அக்காவிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி. மூன்று மாதத்துக்குப் பிறகு. ஒரே ஒரு சொல்.

"கிடங்கா?"

"ஆமா" என்று அனுப்பினேன். பார்த்துவிட்டாள். அதற்கப்புறம் எதுவும் வரவில்லை. திட்டியாவது இருக்கலாம்.

ஜூலை 22, செவ்வாய்

விசாரணை. நீள மேசை, அந்தப் பக்கம் ஐந்து பேர். வழவழா என் பக்கத்து நாற்காலி. "டெஸ்ட்டை முழுக்க முழுக்க மேடம்தான் நடத்தினாங்க. நாங்க அவங்க அனுபவத்தை நம்பினோம்" என்றார். என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

இயக்குநர் என்னைக் கேட்டார். "பெரிய கிடங்கை ஏன் எடுத்தீங்க?"

தயாரித்து வைத்திருந்த பதில்கள் பல. சராசரி நிலை, மாதிரித் தரவு, விதிவிலக்கு. எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். "அதுல எங்க அக்கா கம்பெனி மட்டும்தான் சார் பாஸாச்சு. அக்காவுக்குச் சாதகமா பண்றேன்னு சொல்லிடுவாங்கன்னு பயந்துட்டேன்" என்றேன்.

ஓரத்தில் இருந்த அம்மாள், "அப்ப எது நல்லதுன்னு உங்களுக்கு மார்ச்லயே தெரியும்?" என்று கேட்டார்.

"தெரியும்."

அப்படியே எழுதிக்கொண்டார்கள். அந்தப் பயத்தை என் மனதில் போட்டது யார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை—என்னத்தைச் சொல்றது? அந்த ஆள் வாயில அந்த வார்த்தையே வரலையே.

செப்டம்பர் 15, திங்கள்

பதவி ஒரு படி இறங்கியது. வழவழாவை வேறு பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள், அங்கே அறை இதைவிடப் பெரிது. மறுபடி ஒப்பீடு நடத்த வேண்டுமாம், நானே நடத்த வேண்டுமாம். வேறு யாருக்கும் அந்தக் கோடுகள் புரியாது. தூக்கிப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். தையல்காரி முகம் தெரியாது, ஆனால் போகவிட மாட்டேன் என்கிறாள்.

நவம்பர் 12, புதன்

காலையில் மேசையில் அதே படிவம். "உறவினர் யாராவது பணிபுரிகிறார்களா?" இல்லை என்று டிக் அடித்தேன்.

நிர்வாகப் பிரிவுப் பெண் பழைய படிவத்தையும் கையில் வைத்திருந்தாள். "போன தடவை அக்கான்னு போட்டிருந்தீங்களே மேடம்?"

"அவங்க இப்ப அங்க இல்லம்மா."

"ஓ. இப்ப எங்க இருக்காங்க?"

"தெரியல."

படிவத்தில் அதற்கு இடமில்லை. அவள் முத்திரை குத்தி எடுத்துக்கொண்டு போனாள்.

மதியம் சோதனை. பெரிய கிடங்கை முதலிலேயே ஏற்றச் சொன்னேன். பூனை ஏற்றினார். கேள்வியைப் போட்டுவிட்டு டீ எடுக்கப் போனேன், திரும்பி வருவதற்குள் அக்கா வீடு ஒரு கடை விடாமல் சொல்லி முடித்திருந்தது.

அக்கா வீடு என்று எழுதிவிட்டேன். மூன்றாவது நிறுவனம்.