லீதியாளுடைய வசனம்

லீதியாளின் அப்பாவுக்கு,

ஸ்டேஷன் டியூட்டி முடிந்து பசியோடு வருவீர்கள். இடியாப்பம் மூடி வைத்திருக்கிறேன். நான் கோயிலுக்குப் போய்விட்டேன். ஈஸ்டர் ஆராதனையில் நம் மகள் லீதியாள் சொல்ல இருந்த உயிர்த்தெழுதல் வசனத்தை, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்று நானே சொல்லப் போகிறேன்.

“நாப்பது வயசுப் பொம்பள பிள்ளைங்களோட நின்னா சபை மானம் போயிரும்மா” என்றார் சபைப் பெரியவர் ஞானாபரணம்.

“பிரசங்கத்துல நீங்க விடுற குறட்டைக்கே போகாத மானமா ஐயா?” என்றேன்.

ஊர் சிரிக்கும் என்று நேற்று நீங்களும் கத்தினீர்கள். சிரிக்கட்டும். காய்ச்சல் அவளைக் கொண்டுபோய் மூன்று மாதம் ஆகிறது. அவளை மறுபடி பார்ப்பேன் என்று நம்புகிறவள் எதற்கு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்?

பி.கு.: வெள்ளைச் சட்டை தேய்த்து வைத்திருக்கிறேன். அவளுக்கு அந்த வசனத்தைச் சொல்லிக் கொடுத்தவர் நீங்கள். நடுவில் என் குரல் உடைந்தால் அடியெடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும். ஒன்பது மணிக்கு வந்துவிடுங்கள்.