வழியனுப்பிய மாட்டுக் கறி

போதகருக்கு,

உங்கள் அப்பாவை அடக்கம் செய்தாயிற்று. மாடு அறுத்தால் வரமாட்டேன் என்றீர்கள். அவரை மூதாதையரிடம் வழியனுப்ப அறுத்தார்கள்தான்.

வேதத்தில் பவுல் சொன்னபடி, எந்தக் கறி என்று கேட்காமல் தட்டை வாங்கினேன். உங்கள் தம்பி லுவுயோ விடவில்லை.

"அண்ணி, இது மூதாதையருக்குப் படைச்சது. சொல்லிட்டேன். இப்ப சாப்பிடுங்க, பாப்போம்."

சுற்றிவந்த சோளப் பீர் வாளி அப்படியே நின்றது. படைத்தது என்று ஒருவன் சொல்லிவிட்டால் அவன் பொருட்டு உண்ணாதே என்றதும் அதே பவுல்தான். தட்டைக் கீழே வைக்கக் குனிந்தேன். உங்கள் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அவன்தான் வரல. நீயுமா?"

சாப்பிட்டேன்.

ஞாயிறன்று திருவிருந்தில் நீங்கள் அப்பம் கொடுத்துக்கொண்டு வரும்போது, என் கை நீட்டியபடி இருக்கும். சபை பார்த்துக்கொண்டிருக்கும்.

உங்கள் மனைவி,
அந்த வீட்டு மருமகள்