இரண்டு பேருக்கான காரும் மூன்று பேரும்

இயேசு மரி சூசை

கந்தக்குளி,
கற்பிட்டி.
12.03.2017, ஞாயிறு பூசைக்குப் பிறகு

அன்பு மகன் நிலுக்சனுக்கு,

சின்னம்மா எழுதுறது. நீயும் வினோஜாவும் அவள்ட வயித்தில இருக்கிற சின்னதும் மூண்டு பேரும் சுகமா இருக்க தலவில அன்னம்மாவை மன்றாடிக்கொண்டு இதைத் தொடங்குறேன். இங்க நாங்களும் சுகம், சுகமில்லாதது உன்ட காரால வந்த தலைவலி ஒண்டுதான். டெலிபோன் இருக்கக்குள்ள இவ என்னத்துக்குக் கடிதம் எழுதுறா எண்டு நீ யோசிப்பாய். டெலிபோன்ல நான் கதைக்க நீ ம்ம் ம்ம் எண்டுகொண்டு அந்தப் பக்கம் வேற என்னவோ பார்த்துக்கொண்டு இருப்பாய், எனக்குத் தெரியாதெண்டு நினைக்காதே. போன கிழமை கிணத்துக்குள்ள பூனை விழுந்து செத்துப்போச்செண்டு சொன்னேன், நல்லது சின்னம்மா எண்டாய். அதால எழுத்தில எழுதிறேன், எழுத்துக்கு ம்ம் போட ஏலாது. றோசமேரியின்ட மகள் வாற வியாழக்கிழமை மிலானுக்குப் போறாள், அவளிட்ட ரெண்டு கிலோ இறால் கருவாடும் வினோஜாவுக்கு மிளகு சீரகம் இடிச்சதும் குடுத்து விடுறேன், கடிதமும் அந்தப் பைக்குள்ளதான் வரும், மணத்தா கோவிக்காதே.

நீ ரெண்டு காரின்ட படத்தை உன்ட தங்கச்சி யூஜினியின்ட போனுக்கு அனுப்பி, இதில எதை எடுக்கட்டும் எண்டு கேட்ட நாளில இருந்து இந்த வீட்டில ஒரு வேலை ஒழுங்கா நடக்கயில்லை. ஒண்டு பழசு, சிவப்பு, ரெண்டே ரெண்டு கதிரை, ஐம்பது வயசாம், என்னை விட ஆறு வயசுதான் இளமை. மற்றது புதுசு, சாம்பல் நிறம், முகம் சப்பளிஞ்ச திருக்கை மீன் மாதிரி. ரெண்டும் ரேஸ் ஓடுற சாதி. காலையில ஃபக்டரிக்குப் போய் பின்னேரம் முதுகைப் பிடிச்சுக்கொண்டு வாற மனுசனுக்கு ரேஸ் கார் என்னத்துக்கு எண்டு நான் கேட்டா, சின்னம்மாவுக்கு இது விளங்காது எண்டாய். விளங்காத ஆளிட்ட என்னத்துக்குப் படம் அனுப்பினாய். யூஜினி, அவள் வேலை செய்யிற ஹோட்டல்ல பட்டம் கட்டிக்கொண்டு கடல்ல ஓடுற வெள்ளைக்காரருக்கெல்லாம் அந்தப் படத்தைக் காட்டி, அவங்க பழசுதான் வடிவு எண்டாங்களாம். சீனி வாங்கக் கடைக்குப் போனா சுஹைர் நானா சீனியை நிறுக்க முதல், என்ன தங்கச்சி, மகன் எதை எடுக்குறானாம், புதுசை எடுக்கச் சொல்லுங்க, பழசெண்டா ஒண்டை ஓட்ட ரெண்டு பேர் தள்ளணும் எண்டார். நான் சீனியை மறந்துட்டு வந்துட்டேன், அண்டைக்கு எல்லாரும் வெறும் தேத்தண்ணிதான்.

சித்தப்பான்ட கதையை நான் என்னத்தைச் சொல்ல. முன்வீட்டாக்கள்ட போட் எஞ்சின் பத்து நாளா எங்கட மாமரத்துக்குக் கீழ கழற்றினபடி கிடக்குது, அந்தப் பிள்ளைகள் கடலுக்குப் போகாம தினம் வந்து எட்டிப் பார்க்குதுகள். இவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உன்ட பழைய காரை விரலால இழுத்து இழுத்துப் பெருசாக்கிப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். நான் ஏசினா, சும்மா இரு மெற்றில்டா, பாலாவி உப்பளத்து லொறிக்குக் கீழ முப்பது வருஷம் படுத்தவன் நான், பார்த்துச் சொல்லத்தானே வேணும் எண்டுறார். இந்தப் பக்கம் யார் பழைய வாகனம் வாங்கப் போனாலும் விலை கேக்க முதல், உப்பு ஏத்தினதோ எண்டுதானே கேப்பாங்க. அது உனக்கும் தெரியும், தெரிஞ்சும் பத்தொம்பது வயசில ஒருத்தரிட்டயும் கேக்காம அந்த நீல வான் வண்டியை வாங்கிக்கொண்டு வந்தாய். புதுப் பெயின்ட் பளபளக்க வந்து நிண்டுது, ஊரெல்லாம் வந்து தடவிப் பார்த்தது, மூண்டாம் நாள் தலவிலக்குப் போற வழியில அடித்தட்டு உப்புத் துருவில பிஞ்சு சித்தப்பான்ட கால் ரோட்டில இழுபட்டுது. பெயின்ட்டைக் கண்டு மயங்குறது உனக்கு அண்டைக்கே இருந்த வியாதி மகன். போன ஞாயிறு டெலிபோன்ல நீ கதையோட கதையா, இங்க பனி விழுந்தா ரோட்டுக்கு உப்புப் போடுவாங்க சித்தப்பா எண்டு சொன்னாய் பார். சோத்தில கை வச்ச மனுசன் கையை எடுத்துட்டு, உப்பா எண்டார். பிறகு சாப்பிடயில்லை. ரோட்டில உப்பைக் கொட்டுற நாட்டில ஐம்பது வருஷம் ஓடின இரும்பு என்ன கதியில இருக்கும் எண்டு அண்டு முழுக்க அதே புலம்பல். காந்தத்தைத் துணியில சுத்தி அந்தக் காரின்ட கதவடி, சில்லு வளைவு, தட்டு எல்லாம் தடவிக்கொண்டு போகட்டாம், காந்தம் பிடிக்காத இடத்தில இரும்பு இல்லையாம், ஓட்டையை அடைச்ச பட்டியும் பெயின்ட்டும்தானாம். சரி அப்ப புதுசை எடுக்கச் சொல்லுவோம் எண்டா அதுக்கும் மூஞ்சையைச் சுழிக்கிறார். அதைத் திறந்தா கறுப்புப் பிளாஸ்டிக் மூடி ஒண்டுதான் தெரியுமாம், ஒரு லைட் பத்தினாலும் என்ன வருத்தம் எண்டு கொம்பியூட்டர் வந்துதான் சொல்லணுமாம். அப்ப எதைத்தான் வாங்குறது எண்டு கேட்டா யோசிக்கணும் எண்டுறார். நீங்க ரெண்டு பேரும் யோசிச்சு முடிய அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போயிரும்.

இப்ப நான் எழுத வந்த விசயத்துக்கு வாறேன். புதன்கிழமை வினோஜா டெலிபோன் எடுத்தாள். நீ வேலைக்குப் போன நேரம். முதல் சுகம் கேட்டாள், பிறகு கறி கேட்டாள், பிறகு அழுதாள். ஆறு மாசத்து வயித்தோட பஸ்ஸில நிண்டுகொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் வாறாளாம். பிள்ளைக்கு ஒரு கார் வாங்குவோம் எண்டு தொடங்கினதே அவள்தானாம். இவர் பார்க்கப் போன இடத்தில அந்தச் சிவப்பைக் கண்டுட்டு வந்தார் சின்னம்மா, அதில ரெண்டு பேருக்குத்தான் இடம், மூண்டாவது ஆள் ஒண்டு வருது எண்டு இவருக்கு விளங்குதில்லை எண்டாள். பிள்ளையை எங்க வைக்கிறது எண்டு கேட்டதுக்கு நீ மடியில வைக்கலாம் எண்டியாம். அந்த ஊரில பிள்ளையை மடியில வச்சுக் கார்ல போனா பொலிஸ் பிடிக்கும் எண்டு எனக்கே தெரியும், நான் கந்தக்குளியை விட்டு கொழும்பைத் தாண்டாதவள். உயிர்த்த ஞாயிறுக்குள்ள முடிவு சொல்லாட்டி அந்தச் சிவப்புக் காரின்ட சொந்தக்காரக் கிழவன் வேற ஆளுக்குக் குடுத்துருவானாம், அதால நீ அவசரப்படுறியாம். அந்தச் சிவப்புக் கார் வீட்டு வாசலுக்கு வந்தா தான் பிள்ளைப்பேறுக்கு நாப்போலியில இருக்கிற அக்காட்டப் போயிருவேன் எண்டும் சொன்னாள். சத்தம் போட்டுச் சொல்லயில்லை. சிலாபத்துப் பிள்ளைகள் சத்தம் போட்டா பயமில்லை, மெதுவாச் சொன்னாத்தான் செய்வாளுகள். போனா பிறகு கூட்டி வாறது லேசில்லை மகன், அந்த அக்காவை எனக்குத் தெரியும்.

எனக்கு வந்த கோவத்துக்கு உடனே உனக்கு எடுத்து வாயில வந்ததெல்லாம் ஏசியிருப்பேன். ஆனா அதுக்குள்ள நீ அந்தச் சத்தத்தை அனுப்பிட்டாய். கிழவன் காரை இயக்கக்குள்ள நீ போனில பிடிச்ச சத்தம். அதுக்குக் கீழ, கேளுங்க சின்னம்மா, அதே சத்தம், அப்பா என்னை மடியில வச்சு ஓட்டின காரின்ட சத்தம், எனக்குக் கண்ணீர் வந்துட்டுது எண்டு எழுதியிருந்தாய். யூஜினி வாசிச்சுக் காட்டினாள். சித்தப்பா சத்தத்தை ஒருக்காக் கேட்டுட்டு போனை மேசையில வச்சுட்டு முத்தத்துக்குப் போயிட்டார். நான் செபமாலையை எடுத்தேன், மூண்டு மணிக்கு மேல விரல் ஓடயில்லை. நேற்று தபசுகாலப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் சாமியிட்டச் சொன்னேன், இருபத்தேழு வருஷமா ஒரு பொய்யைத் திருத்தாம வச்சிருக்கிறேன் சாமி எண்டு. முழுக்கக் கேட்டார். கேட்டுட்டு, இதை என்னட்டச் சொல்லி முடிக்க ஏலாது, யாரிட்டத் திருத்தணுமோ அவரிட்டப் போய்த் திருத்துங்கோ எண்டு சொல்லி, தபசாப் பத்து அருள் நிறைந்த மந்திரமும் தந்தார். மந்திரத்தைச் சொல்லி முடிச்சுட்டேன், மற்றது இதுதான்.

நிலுக்சன், அந்தக் கார் ஓடினதில்லை. ஒரு நாளும் ஓடயில்லை. மாதம்பையில உன்ட அப்பா, பஸ்தியான் அத்தான், காவலுக்கு நிண்ட தென்னந்தோட்டத்தில, மட்டைக் கொட்டிலுக்குள்ள நாலு பக்கமும் செங்கல் அடுக்கி அதுக்கு மேல அதை ஏத்தி வச்சிருந்தது. சில்லும் இல்லை, எஞ்சினும் இல்லை. எஞ்சினைத் தோட்ட முதலாளி மாத்தையாவின்ட தம்பி நீ பிறக்க முதலே கழற்றிக்கொண்டு போயிட்டார். அந்த இடத்தில கோழி ஒண்டு அடை கிடந்தது. பின்னேரம் வேலை முடிஞ்சு அத்தான் உன்னைத் தூக்கி மடியில வச்சு, அந்த ஸ்டியரிங் வளையத்தை உன்ட கையில தந்துட்டு, வாயால உறுமுவார். அப்பிடி உறுமுவார், கொட்டிலுக்கு வெளிய நிண்டாக்களுக்கு லொறி வருதெண்டுதான் கேக்கும். வேகமா உறுமினா, முட்டை உடையும் அப்பா, மெதுவா, மெதுவா எண்டு நீ கத்துவாய். அது உனக்கு ஞாபகம் இருக்கோ எனக்குத் தெரியாது, எனக்கு நல்லா ஞாபகம், நான் அப்ப பெரிய நாள் பலகாரத்தோட வந்து நிண்டு பார்த்தவள்.

அடுத்த வருஷம் நெருப்புக் காய்ச்சல்ல அத்தான் போயிட்டார், உனக்கு ஆறு வயசு. அதுக்குப் பிறகுதான் பள்ளிக்கூடத்தில எங்கட அப்பா ரேஸ் கார் ஓடினவர் எண்டு சொல்லித் திரிஞ்சாய், பொய் எண்ட பெடியனுக்கு அடிச்சுட்டும் வந்தாய். நான் உண்மையைச் சொல்லுவோம் எண்டேன். உன்ட அம்மா எமிலியா அக்கா, அது இருந்துட்டுப் போகட்டும் மெற்றில்டா, அவனிட்ட வேற என்ன இருக்கு எண்டா. அக்கா போன பிறகு உன்னை வளர்த்த எனக்கும் சொல்ல வாய் வரயில்லை. நீ கலியாண வீட்டில மைக்கைப் பிடிச்சு அப்பான்ட கார்க் கதையைச் சொல்லக்குள்ள சித்தப்பா தலையைக் குனிஞ்சுகொண்டு இருந்தார், குடிவெறியெண்டு நீ நினைச்சாய், வெறியில்லை. உன்னட்டக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிற படத்தில நீயும் அப்பாவும் கதவும் மட்டும்தான் தெரியும். மாத்தையாவின்ட மகள் அண்டைக்கு ரெண்டு படம் எடுத்தவ. மற்றதை அக்கா செபப் புத்தகத்துக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தா, அது இந்தக் கடிதத்தோட வருது. அதில செங்கல்லும் தெரியும், முன்னுக்கு நிக்கிற கோழியும் தெரியும். அப்பான்ட வாயைப் பார், குவிஞ்சிருக்கும்.

அதால மகன், அந்தக் கிழவன்ட காருக்குள்ள நீ கேட்டது அப்பான்ட கார்ச் சத்தம் இல்லை. அதை உன்னட்ட இருந்து பறிக்கிறதுக்கு இதை எழுதயில்லை. கோவம் வந்தா என்னோட கோவி, வினோஜாவோட முகத்தை நீட்டாதே, அவளுக்கு இது ஒண்டும் தெரியாது, நீயே சொல்லு. உன்ட ரெண்டு காரில எதை எண்டு என்னைக் கேட்டா புதுசைத்தான் சொல்லுவேன், திருக்கை மூஞ்சையா இருந்தாலும் பின்னுக்குப் பிள்ளைக் கதிரை பூட்டுற அளவு இடம் இருக்கெண்டு யூஜினி பார்த்துச் சொன்னாள். அதுவும் வேணாமெண்டு எங்கட ஆக்கள் எடுக்கிற மாதிரி நாலு கதவு வச்ச ஒண்டை எடுத்தாய் எண்டா தலவில ஆவணித் திருநாளுக்கு ஆளுயர மெழுகுதிரி கொளுத்துறேன், நேர்ந்திருக்கிறேன். பழசுதான் வேணுமெண்டா பிள்ளை வளர்ந்து தன்ட காசில தான் வாங்கட்டும். நீ, பிள்ளை பிறந்து கழுத்து நிண்டதும், ஒரு கதிரையில இருந்து மடியில வச்சு, சோத்துக் கோப்பையோ என்னவோ கையில குடுத்துட்டு, வாயால உறுமு. அந்தச் சத்தம் உன்னட்டத்தான் இருக்குது, வேற ஒரு கிழவனிட்டயும் இல்லை.

வினோஜாவை மாடிப்படியில பாரம் தூக்க விடாதே, பஸ்ஸில போறதெண்டா நீயும் லீவு போட்டுக் கூடப் போ. வெள்ளிக்கிழமையில இறைச்சி தின்னாதேங்கோ, தபசுகாலம். அவளுக்கு இறாலைத் தண்ணியில ரெண்டு தரம் கழுவிட்டுப் போடச் சொல்லு, உப்புக் கூட. அன்னம்மாள் உங்கட வீட்டு வாசல்ல நிண்டு மூண்டு பேரையும் காக்கட்டும், உன்ட நெத்தியில சிலுவை போட்டுவிடுறேன்.

இப்படிக்கு, உன்னை வளர்த்ததால ஏச உரிமை இருக்கிற
சின்னம்மா மெற்றில்டா

முடிச்சுட்டு சித்தப்பாவுக்கு இதை வாசிச்சுக் காட்டினேன். கேட்டுட்டு, ஒரு விசயத்தை விட்டுட்டாய் எண்டார். கியர் மாத்துற இடத்தில பஸ்தியான் அண்ணன் ஒருக்கா இருமுவார், அதையும் எழுது, இல்லாட்டி பெடியன் ஒரே கியர்ல ஓடிக்கொண்டு இருப்பான் எண்டார். எழுதிட்டேன். இப்ப மாமரத்துக்குக் கீழ போய் அந்த போட் எஞ்சினைப் பூட்டிக்கொண்டு இருக்கிறார்.