நீ வாசிக்காமல் விட்ட நான்கு வரி

இந்தப் பத்திரிகைத் துண்டில் இன்னும் உன் மூக்குப்பொடி வாசம் இருக்கிறது. உன் கருமாதி முடிந்ததும் உன் மகள் கொண்டுவந்தாள். "அப்பா உங்க கையிலதான் குடுக்கச் சொன்னாரு மாமா" என்றாள்.

நான் எழுத்துக் கூட்டப் பழகுகிறேன் என்று உனக்குத் தெரியும். எழுபத்திரண்டு வயதில், ஞாயிறு தோறும், வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்தில், குழந்தைகளின் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து படித்தேன். ஹாலிஎல பஸ்ஸின் பலகையை நானே வாசித்து ஏறிய அன்று கண்டக்டரிடம் இரண்டு தடவை சொன்னேன். "சரி தாத்தா, உள்ள போங்க" என்றான். அந்தச் சந்தோஷம் இன்னும் தீரவில்லை. இதையும் நானேதான் எழுதுகிறேன். ஒரு வரிக்கு ஒரு பிளேன்டீ ஆறிப்போகிறது.

அப்போது நம் தோட்டத்து லய வீட்டு வரிசையில் வாசிக்கத் தெரிந்தவன் நீ ஒருத்தன். ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் விழும் பீலியடியில் பத்திரிகையோடு உட்கார்ந்து கொலைச் செய்திகளாகப் பார்த்து வாசிப்பாய். கொன்றவன் பெயர் வரும் இடத்தில் நிறுத்திப் பொடி போடுவாய். "யாருன்னு சொல்லுங்க பாப்போம்." நான் எப்போதும் பெண்டாட்டியின் தம்பி என்பேன். "மாப்ள, ஒனக்கு மச்சினன் மேல என்னய்யா கோவம்?" என்பாய். தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் குடத்தை வைத்துவிட்டுச் சிரிப்பார்கள்.

பிறகு என் தம்பியே அந்தத் தாளில் வந்தான். ஓடையில் கசிப்புச் சாராயம் காய்ச்சியவனை இவன் தட்டிக் கேட்டதற்கு, அவன் பட்டப்பகலில் இவனைக் குத்திவிட்டான். நாங்கள் எல்லோரும் மலையில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தோம். மறுவாரம் அம்மாவுக்கு முன்னால் நீதான் வாசித்தாய். "ஒரே குத்துதான் ஆத்தா. அந்த எடத்துலயே முடிஞ்சிருச்சு. வலி தெரிஞ்சிருக்காது." அதைச் சொல்லிச் சொல்லியே அம்மா மிச்ச நாளைத் தள்ளினாள்.

அதற்குப் பிறகு நீ கொலைச் செய்தி வாசிக்கவே இல்லை. எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடு என்று எத்தனை முறை கேட்டிருப்பேன்? "நான் இருக்கேன்ல, ஒனக்கு எதுக்குய்யா?" என்று சிரித்து மழுப்பினாய்.

இந்தத் துண்டை வாசிக்க எனக்கு மூன்று நாள் ஆனது. கடைசி நான்கு வரியை நம்பாமல் மறுபடியும் கூட்டினேன். குத்துப்பட்டவன் லயம் வரை தவழ்ந்து வந்தானாம். முதல் வீட்டுக் கதவைத் தட்டித் தண்ணீர் கேட்டானாம். உள்ளே இருந்தவர்கள் திறக்கவில்லையாம்.

முதல் வீடு உன்னுடையது. உனக்கு ஃபெக்டரியில் ராவேலை. பகலில் நீதான் வீட்டில் இருப்பாய். இத்தனை வருடம் இது எனக்குத் தோன்றவே இல்லை.

தம்பி பெண்டாட்டியிடம் போய்த் துண்டை நீட்டினேன். அவள் கை துடைத்துக்கொண்டே சொன்னாள்: "தெரியும் மாமா. மொத வீட்டுக்காரரு எப்பவோ வந்து எங்கிட்ட அழுதுட்டாரு. ரத்தத்தோட இருக்கவன தொட்டா நம்மளையும் போலீஸ் ஜீப்புல ஏத்திருவாங்கன்னு பயந்துட்டேன்னாரு. ஒங்ககிட்ட சொல்லத்தான் வாய் வரலன்னாரு."

அந்தப் பயம் எனக்கும் தெரியும். அப்போது லயத்தில் சாட்சி என்ற சொல்லுக்கே கதவுகள் மூடும். நானாக இருந்தால் திறந்திருப்பேன் என்று எழுதப் பார்த்தேன். எழுத வரவில்லை. உன்மேல் கோபப்படலாம் என்றால் அதற்கும் உடம்பில் தெம்பு இல்லை. ஆனால் ஒன்று மட்டும் நெஞ்சை விட்டு இறங்கவில்லை. என் தம்பி கடைசியாகப் பேசியதைக் கேட்டவன் இந்த உலகத்தில் நீ ஒருவன்தான். தண்ணீர் என்று மட்டுமா கேட்டான்? என் பெயரைச் சொன்னானா? நான் இரண்டு எழுத்து முன்னாலேயே படித்திருந்தால், நீ உயிரோடு இருக்கும்போதே உன்னிடம் கேட்டிருப்பேன்.