பதினான்கு முயல்களும் ஒரு மேலாளரும்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வால் எழுதுவது. இங்கே அனைவரும் நலம், என் இடது காதைத் தவிர. அம்மா உன் அறையைப் பெருக்கினாள். பிஸ்கட் டப்பாவுக்காக நீ வரைந்து வரைந்து சுவரில் ஒட்டிய பதினான்கு முயல்களையும் கழற்ற நான் விடவில்லை.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். இனிமேல் படமே வரைய மாட்டேன், சித்தி சொன்ன ஆபீஸ் வேலைக்கே போகிறேன் என்று நீ பெட்டியோடு கிளம்பினாயே, மறுநாளே பிஸ்கட் கடைக்காரர் உனக்கு மின்னஞ்சல் எழுதியிருந்தார். டப்பாவில் வரும் முயலுக்குக் காது இன்னும் கொஞ்சம் நீளமாக வேண்டுமாம். போன வாரம் குட்டையாக்கச் சொன்ன அதே காது! நீயாக இருந்தால் "சரிங்க சார்" என்றிருப்பாய். உன் கணினி திறந்தே கிடந்தது. நான் உன் மேலாளராகிவிட்டேன்.

"என்ன மாற்றம், யார் கேட்டது, ஏன்? இதுவரை கேட்டதையும் சேர்த்து இந்தப் படிவத்தில் நிரப்பவும். கையெழுத்தில்லாத காது ஏற்கப்படாது. இப்படிக்கு, மேலாளர்" என்று அனுப்பினேன்.

இன்று காலை மனிதர் நேரிலேயே வந்துவிட்டார். மேலாளர் சார் இருக்காரா என்று கேட்டார். வாயில் இருந்த பற்பசை நுரையை விழுங்கிவிட்டு, "நான்தாங்க, சொல்லுங்க" என்றேன். அம்மா பின்னாலிருந்து காதைத் திருகினாள். அவளிடம் படிவம் கேட்க எனக்குத் துணிவில்லை.

அவர் கோபப்படவே இல்லை, அக்கா. படிவத்தை நீட்டினார். நீளக் காது, மாமியார். குட்டைக் காது, மச்சினன். மீசை, பக்கத்துக் கடைக்காரர். எல்லா வரியிலும் அடுத்தவர் ஆசை. "எழுதும்போதுதாம்மா தெரிஞ்சுது, எனக்குன்னு நான் ஒண்ணுமே கேக்கல" என்று சிரித்தார். பிறகு உன் சுவருக்கு முன்னால் நின்று ஐந்தாவது முயலைத் தொட்டு, பார்த்த அன்றைக்கே இதுதான் பிடித்தது என்றார். கையெழுத்தும் போட்டார். கடைப் பலகை, காகிதப் பை எல்லாம் இனி நீதானாம். எத்தனை முறை மாற்றலாம் என்று முதலிலேயே எழுதிக்கொள்ளவும் சம்மதம். மேலாளர் மட்டும் வேலையை விட்டுப் போகக் கூடாதாம்!

மேலாளர் எங்கும் போகவில்லை. ஓவியர்தான் போய்விட்டார்.

திங்கட்கிழமை நேர்காணலுக்குப் போவதானால் போ. ஆனால் இத்துடன் இருக்கும் படிவத்தை நிரப்பிவிட்டுப் போ. "யார் கேட்டது" என்ற இடத்தில் உன் பெயரை எழுத முடியவில்லை என்றால், வீட்டுக்கு வரும் அடுத்த வண்டியிலேயே ஏறிவிடு.

உன் வருகைக்காகக் காதைத் தடவியபடி காத்திருக்கும்,
வால் (மேலாளர்)