வியாழக்கிழமைக் கஞ்சி

க்ளீவ்லாண்ட்,
செப்டம்பர் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

டயர் ஆலை உங்கள் காதைத் தின்றுவிட்டது, போனில் "ஆங்? ஆங்?" என்பதோடு சரி. அதனால்தான் இந்தக் காலத்தில் நான் தபால்தலை ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

டாக்டர் பட்டம் வாங்கியும் இந்த ஒரு வருடம் நான் எந்தப் பிரிவுக்கும் சொந்தமில்லை. நாலு வாரம் அவசர சிகிச்சை, நாலு வாரம் அறுவை, இப்போது பொது வார்டு. நர்ஸ்கள் எனக்கு வைத்த பெயர் "நாலு வாரக்காரி". வரும் ஜூலையில் சியாட்டிலுக்குப் போய் எக்ஸ்ரே படிப்பில் உட்கார்ந்துவிட்டால் பிழைத்தேன்.

தினமும் பத்து நோயாளிகளுக்குக் குறிப்பு எழுத வேண்டும். நல்லவேளை, நேற்றைய குறிப்பை அப்படியே இன்றைக்கு இழுத்துப் போடக் கம்ப்யூட்டரில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தவர் மகராசனாக இருக்கட்டும்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் நடீன்


ஆக்ரன்,
செப்டம்பர் 20

என் நாலு வாரக்காரிக்கு,

நம் வெர்ஜிலுக்குப் பித்தப்பையில் வீக்கமாம். இங்கேயே பார்த்துக்கொள்ளலாம் என்றாள் அவன் மனைவி லொரெட்டா. நான்தான் விடவில்லை. "நம்ம நடீன் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போடா. பெத்த பொண்ணாட்டம் பாத்துக்குவா" என்றேன். "ஊசி போட்டா அழுவேன், இப்பவே சொல்லி வை" என்கிறான் தடியன்.

முப்பத்தோரு வருடம் என்னோடு ஒரே இயந்திரத்தில் நின்றவன். நீ சைக்கிள் பழகியபோது பின்னால் ஓடியவனும் அவன்தான். எனக்கு ஷிப்ட் இருந்தது. திங்கட்கிழமை சேர்கிறான். பார்த்துக்கொள்.

செவிட்டு அப்பா


க்ளீவ்லாண்ட்,
அக்டோபர் 8

அன்புள்ள அப்பாவுக்கு,

வெர்ஜில் மாமாவின் அடக்கத்துக்கு வர விடுப்புக் கிடைக்கவில்லை. லொரெட்டா அத்தையிடம் சொல்லுங்கள்.

காலில் உறைந்த ரத்தம் நகர்ந்து போய் நுரையீரலை அடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை விடியும்போது எல்லாம் முடிந்துவிட்டது. யாரும் எதிர்பார்க்கவில்லை.

போன கடிதத்தில் நீங்கள் கேட்டதற்குப் பதில்: பார்த்தேன். தினமும் அவர் கால்களைப் பார்த்தேன். வீக்கம் இல்லை.

நடீன்


ஆக்ரன்,
நவம்பர் 11

நடீன்,

ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கிய காகிதங்களோடு லொரெட்டா வந்தாள். "கண்ணாடி கொண்டாரல அல்வின், நீயே படிச்சுச் சொல்லு" என்றாள்.

செவ்வாய்: "உட்கார்ந்து ஓட்ஸ் கஞ்சி சாப்பிடுகிறார். கால்களில் வீக்கம் இல்லை." புதன்: அதே கஞ்சி, அதே கால்கள். வியாழன்: அதே. கீழே உன் பெயர்.

வியாழக்கிழமை காலை நான் அங்கே இருந்தேன், அம்மா. மறுநாள் செய்யவேண்டிய அறுவையை அன்றைக்கே என்று மாற்றி, அவனுக்குச் சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாதென்று கதவில் அட்டை மாட்டியிருந்தார்கள். "ஏண்டா, என் மூஞ்சிக்கு முன்னாலேயே காப்பி குடிக்கிறியே, நீ மனுசனா?" என்று என்னைத் திட்டிக்கொண்டிருந்தான். பிறகு போர்வையை விலக்கிக் காட்டினான். வலது கால் தூண் மாதிரி இருந்தது. "கல்லைக் கட்டின மாதிரி கனக்குதுடா. நடீன்கிட்ட சொல்லவா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பாவம், புள்ள ஓடிக்கிட்டே இருக்கா. அவளே வந்து பாத்துக்குவா, தொந்தரவு பண்ணாதே." அவன் வாயை மூடிக்கொண்டான்.

லொரெட்டாவுக்கு எல்லாவற்றையும் படித்தேன், வியாழக்கிழமைக் கஞ்சியைத் தவிர. அந்தக் காகிதங்களில் நான் மறைத்தது அது ஒன்றுதான்.

நீ பார்த்தாயா, இல்லையா? ஒரே ஒரு வார்த்தை எழுது.

அப்பா


க்ளீவ்லாண்ட்,
நவம்பர் 23

அப்பா,

இல்லை.

செவ்வாய்க்கிழமை பார்த்தேன். அன்று கஞ்சியும் உண்மை, கால்களும் உண்மை. புதன்கிழமை அறைக்குள் போனேன், போர்வையை விலக்கவில்லை. வியாழக்கிழமை நீங்கள் வருவதற்கு முன்னால் கதவருகே நின்று கையை ஆட்டினேன். அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். போய்ப் பொத்தானை அழுத்தினேன். கதவில் அப்போது அட்டை இல்லை; அறுவையை அன்றைக்கே மாற்றியது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

எல்லோரும் அழுத்துகிறோம் அப்பா. அது சமாதானம் இல்லை, எனக்கே தெரியும். சாப்பாட்டுக் கூடத்தில் ஓட்ஸ் வாசனை வந்தால் வெளியே ஓடிவிடுகிறேன்.

யாரிடமும் வாய் திறக்காதே என்கிறார் ஆஸ்பத்திரி வக்கீல். வெளியே தெரிந்தால் சியாட்டில் போய்விடும். நான் டாக்டராகவே இருக்க முடியாமல் போகலாம். உங்களிடம் இரண்டாவது முறை பொய் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதினேன். படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடுங்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

உங்கள் பெண்


ஆக்ரன்,
டிசம்பர் 6

நடீன்,

உன் கடிதம் பத்து நாள் அடுப்பு மேடையிலேயே கிடந்தது. இரண்டு முறை நெருப்பும் பற்றவைத்தேன்.

சர்ச் முடிந்து லொரெட்டா வந்தாள். "வீட்டுக்குப் போய் நானே படிச்சேன் அல்வின். வியாழக்கிழமை அவரு பட்டினி கிடந்தாரே, கஞ்சி எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டாள். என் காதருகே வந்து, கத்தாமல், மெதுவாகத்தான் கேட்டாள். எனக்குக் கேட்டது.

கடிதத்தை அவள் கையில் கொடுத்துவிட்டேன். அவன் வாயை அடைத்தது நான்தான் என்பதையும் சொன்னேன். இரண்டு முறை படித்தாள். மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். கிளம்பிப் போய்விட்டாள். என்ன செய்வாளோ, தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

உன் அறையில் ஹீட்டரைச் சரிசெய்து வைத்திருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு வருவதானால் முதலில் லொரெட்டா வீட்டுக்குப் போ. அவள் உள்ளே விட்டாலும் விடாவிட்டாலும் அங்கே போய்விட்டு, பிறகு இங்கே வா.

அப்பா