கட்டிலுக்கு அடியில் கருப்பாயி

இந்த வருடக் காலண்டர் தீக்காய வார்டுக்கு வந்திருக்கிறது. சுருளைப் பிரித்தேன்; அச்சு மை வாசனை மூக்கில் ஏறியதுமே உன் நினைவு வந்துவிட்டது. படத்தில் நம் முத்துமாரி கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்து ஒரு நாயின் காதுகளைப் பொத்திக்கொண்டிருக்கிறாள். நாய் மட்டும் நம் கருப்பாயி இல்லை. கறுப்பு நாட்டு நாய் படத்துக்கு எடுப்பாக இல்லையாம்; அதைத் தூக்கிவிட்டு, தேன் நிறத்தில் புசுபுசுவென்று ஒரு சீமை நாயை ஒட்டியிருக்கிறார்கள். முத்துமாரியின் கையில் தழும்பும் இல்லை. நர்சுகள் மாதக்கணக்கில் கட்டுப் பிரித்துக் கட்டிய கையை, கம்ப்யூட்டரில் எவனோ ஒரு மதியத்தில் குணப்படுத்திவிட்டான். மேல் மூலையில் பட்டாசுக் கம்பெனி முதலாளி கும்பிட்டபடி சிரிக்கிறார். கீழே தங்க எழுத்தில் ‘அன்பே சிகிச்சை’. காறித் துப்பியிருப்பேன். ஆஸ்பத்திரிச் சுவராயிற்றே என்று விட்டேன்.

அச்சங்குளத்துப் பக்கம் எவனோ காட்டில் கொட்டிவிட்டுப் போன பட்டாசுக் கழிவு தீப்பிடித்ததில் வெந்த கை அது. வலிக்குப் பயந்து விரல்களை மடக்கியே வைத்திருந்தாள். அப்படியே விட்டால் விரல் இறுகிவிடும். பிறகு அந்தக் கையால் சோறு பிசைய முடியாது, பென்சில் பிடிக்க முடியாது. நீட்டிப் பழக்க வேண்டிய பிசியோதெரபிஸ்ட் நான். என் செருப்புச் சத்தம் கேட்டாலே “எமன் வாராரு” என்று அலறுவாள்.

காரியாபட்டியில் மாட்டு டாக்டராக இருந்த உன்னிடம் புலம்பினேன். பள்ளிக்கூட நாளிலிருந்தே நான் புலம்புவதும் நீ சிரிப்பதும்தானே வழக்கம். “ஏலே, பயந்து கெடக்க பிள்ளைட்ட போயி தைரியமா இருன்னு சொல்லுதியே, வெக்கமா இல்ல? அவளை விடப் பயந்த ஒண்ணைக் கூட்டிட்டுப் போயிக் காட்டு” என்றாய்.

புண் மூடிய பிறகுதான் பெரிய டாக்டர் சம்மதித்தார். கருப்பாயிக்கு ஊசி போட்டு, குளிப்பாட்டி, நகம் வெட்டிக் கூட்டி வந்தாய். ஒரு காது கிழிந்த நாய். யாராவது இருமினாலே உன் காலுக்குப் பின்னால் ஒளியும். முத்துமாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் நல்ல கையால்தான் தடவினாள். பிறகு, மடங்கிய கையின் முட்டியால் மெல்லத் தொட்டாள். விரல் லேசாகப் பிரியத் தொடங்கிய சமயம் பார்த்துச் சேதி முதலாளிக்குப் போனது.

நாம் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்ததற்கு அவர் ‘அன்பே சிகிச்சை’த் திட்டம் என்று பேர் சூட்டித் திறப்பு விழா வைத்தார். ரிப்பன், சால்வை, ரோஸ்மில்க். நம் பக்கம் கல்யாணமோ காதுகுத்தோ இழவோ, வெடியில்லாமல் எதுவும் நடக்காதுதான். ஆனால் தீப்பட்ட பிள்ளைகள் படுத்திருக்கும் வார்டு வாசலிலா பத்தாயிரம் வாலாவை விரிப்பார்கள்? தடுக்கப் போன என்னிடம் மேனேஜர், “வெடியில்லாம விசேசமா சார்? முதலாளி வாராக. நம்ம கம்பெனிச் சரக்குதான், புகை கம்மி” என்றார். புகை கம்மியாம்! இந்த மூளையை வைத்துக்கொண்டுதான் இவர்களெல்லாம் காரில் போகிறார்கள்.

சரம் வெடித்ததும் வார்டே அலறியது. சிவகாசி நாய்க்கு வெடி பழகியிருக்கும். காரியாபட்டி நாய்க்கு ஏது? கருப்பாயி நின்ற இடத்திலேயே மூத்திரம் போய், கயிற்றை உருவிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் புகுந்தது. பின்னாலேயே முத்துமாரியும் புகுந்தாள். நாம் குனிந்து பார்த்தபோது அதன் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு, “ஒண்ணுமில்லடி, நா இருக்கேன்ல” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வெந்த வலது கை நன்றாக விரிந்திருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

முதலாளியும் எட்டிப் பார்த்தார். போட்டோக்காரர் அவசரமாக எடுத்த ஒன்றுதான் இந்தக் காலண்டர் படம். முதலாளிக்கு அது போதவில்லை. “இருட்டா இருக்கு, வெளிய உக்கார வைங்க. இன்னொரு சரம் கொளுத்துங்க, பிள்ள மறுபடி காதைப் பொத்தட்டும்” என்றார்.

நீ குறுக்கே தரையில் உட்கார்ந்தாய். “பிள்ள வெளிய வராது முதலாளி. நீங்க வேணா உள்ள வாங்க. முட்டி போட்டுத்தான் வரணும்” என்றாய். வெள்ளை வேட்டி கசங்குமே! போய்விட்டார். தனக்குப் போர்த்திய சால்வையைக்கூட மறந்துவிட்டுப் போனார். அதைக் கருப்பாயிக்கு விரித்தாய்.

அதன்பின் கருப்பாயி ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி உள்ளே வரவே இல்லை. முத்துமாரிதான் வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்த் தடவினாள். இப்போது எழுதுகிறாள், அம்மாவுக்குச் சடை பின்னிவிடுகிறாள். பார்க்கத்தான் நீ இல்லை. நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் உயிரோடு திரும்பவில்லை.

முதலாளியின் திட்டம் காலண்டரோடு சரி. வார்டில் நாய் கிடையாது. பிள்ளைகள் மட்டும் வந்துகொண்டே இருக்கிறார்கள். போன வாரம் ஒரு பொடியன் கையை இறுக்கிக்கொண்டு என்னைக் கண்டதும் கத்தினான். அந்நேரம் தெருவில் ஏதோ விசேஷத்துக்குச் சரம் வெடித்தது. நான் அவன் கட்டிலுக்கு அடியில் புகுந்துவிட்டேன். “மாமாவுக்கு வெடின்னா ரொம்பப் பயம். காதைப் பொத்துறியா?” என்றேன். யோசித்தான். பிறகு இறங்கி, தவழ்ந்து வந்தான்.

நடிக்கத்தான் போனேனடா. அவன் உள்ளங்கை காதில் பட்டதும் எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிவிட்டது. “பயப்படாதீக மாமா” என்றான்.